தண்ணீர் தெளியும்வரை

நூல்காரி என்றுதான் தெருவில் அவளுக்குப் பெயர். கட்டிய புருஷனே கைப்பேசியில் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தான். வாரம் முழுக்க ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசை வேலை. ஒரு கையால் டோக்கன் கிழித்துக் கொடுப்பாள், கன்னம் வீங்கி வந்தவர்களைப் பெஞ்சில் உட்காரச் சொல்வாள், உள்ளே யாராவது அலறினால் வானொலிச் சத்தத்தைக் கூட்டி வைப்பாள். இதற்கு நடுவில் மேசைக்குக் கீழே மடியில் பின்னல் ஊசிகள் ஓடிக்கொண்டே இருக்கும். பேருந்தில் பின்னுவாள். மின்கட்டண வரிசையில் பின்னுவாள். ஒருமுறை துக்க வீட்டு மூலையில் உட்கார்ந்து குழந்தைக் குல்லாய்க்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்து, செத்தவரின் தங்கையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயத்துக்கு. மாடி வீட்டின் நீளமான சமையலறையில், ஜன்னலை ஒட்டி அதற்கென்றே தனி அடுப்பு, தனிப் பானைகள். சமையல் பாத்திரத்தோடு கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் காதிலும் சிவப்பு நூல் கட்டியிருந்தாள். ஆனாலும் வாடகைக் கார் ஓட்டும் அவள் புருஷன், டீயை வாயில் வைக்கும் முன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். "எனக்கு வெள்ளைச் சட்டைன்னு ஒண்ணு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா உனக்கு?" என்று கேட்பான். "இப்பவும் இருக்கு, பச்சையா" என்பாள் அவள்.

வெள்ளைக் கம்பளி நூலை, வளையமாகச் சுற்றிக் கட்டிய சிட்டம் சிட்டமாக நனைத்து, சாயம் கரைத்த பானையில் இறக்கி, கொதிக்கவிடாமல் சூட்டில் வைத்திருக்க வேண்டும். இடுக்கியால் மெல்லப் புரட்டலாம், கலக்கக் கூடாது. கலக்கினால் கம்பளி சுருங்கிக் கட்டியாகிவிடும். பாதியில் வினிகர் ஊற்றுவாள். அதுதான் முக்கியம். வினிகரும் சூடும் சேர்ந்தால்தான் சாயம் நூலுக்குள் போய் உட்காரும். இல்லையென்றால் முதல் அலசலிலேயே ஓடிவிடும். அப்புறம் காத்திருப்பு. பானைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, கடைசியில் அடி தெரியும். நிறம் முழுவதும் நூலுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். அந்தத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதில் அவளுக்கு அலாதி திருப்தி.

அந்த ஞாயிறு அப்படி ஒன்றும் பார்க்க முடியவில்லை. வாரம் முழுவதும் மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஏற்கெனவே சாயம் போட்ட சிட்டங்கள் காயாமல் கூடத்தில், கதவுப் பிடிகளில், புருஷனின் சட்டை மாட்டும் கொக்கிகளில் எல்லாம் தொங்கின. வீடு நனைந்த ஆட்டு மயிர் வாடை அடித்தது. உள்ளறையில், நூல் மூட்டைகளுக்கு நடுவில், அவள் தம்பியின் மனைவி ஒளிந்திருந்தாள்.

குடும்பத்தில் அவளைச் சின்னவள் என்பார்கள். ஆளும் சின்னவள்தான். வியாழக்கிழமை விடிகாலை, செருப்பில்லாமல், மழையில் நனைந்து வந்து கதவைத் தட்டினாள். கீழுதடு பிளந்திருந்தது. இடது காது கத்தரிக்காய் மாதிரி கறுத்து வீங்கியிருந்தது. அந்தப் பக்கம் பேசினால் கேட்கவில்லை என்றாள்.

இதற்கு முன்பும் வந்திருக்கிறாள். அப்போதெல்லாம் நூல்காரி அவளுக்குச் சூடாக ஏதாவது கொடுத்து, தலையைத் துவட்டிவிட்டு, தம்பியைப் போனில் நாலு திட்டுத் திட்டி, அவன் அழுத பிறகு, திருப்பி அனுப்பி வைத்தாள். ஒருமுறை கம்பளிச் சால்வையோடு அனுப்பினாள். இன்னொரு முறை கையுறைகளோடு. தன் கையால் பின்னியது, தன் கையால் சாயம் போட்டது. கொடுக்கும்போது ஏதோ செய்துவிட்ட நிம்மதி அவளுக்கு இருந்தது.

வியாழக்கிழமை அவள் துண்டை எடுக்கப் போனபோது சின்னவள் வாசற்படியிலேயே நின்றுகொண்டு சொன்னாள்.

"அண்ணி, இந்தத் தடவை சால்வை எதுவும் வேணாம்."

நூல்காரி எடுத்த துண்டைக் கீழே போட்டாள். பிறகு அவளை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டாள்.

தம்பி போன் செய்துகொண்டே இருந்தான். இங்கே வரவில்லை என்று அவள் ஒவ்வொரு முறையும் சொன்னாள். பொய் சொல்வது கஷ்டமாக இல்லை. சின்ன வயதிலிருந்து அவனுக்காகப் பொய் சொல்லிப் பழகிய வாய். இப்போது அவனிடமே சொல்கிறது, அவ்வளவுதான். போலீசுக்குப் போகலாம் என்று புருஷன் சொன்னான். சின்னவள் மாட்டேன் என்றாள். போன வருஷம் போயிருக்கிறாள். போவதற்குள் கன்னத்து வீக்கம் பாதி வடிந்துவிட்டது. தெருவே திரண்டு வந்து, தங்கமான பையன், அவன் கடை ரொட்டி தின்னாத பிள்ளை இந்தப் பக்கம் கிடையாது என்று சாட்சி சொன்னது. அவன் குளியலறை வழுக்கல் பற்றிச் சொன்னான். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி, வீட்டில் ஒரு ரப்பர் விரிப்பு வாங்கிப் போடும்படி அவளுக்கு அறிவுரை சொல்லி அனுப்பினார்.

"அடிச்ச கையை யாரும் பாக்கலையே அண்ணி" என்றாள் சின்னவள். "அடி வாங்கின என் மூஞ்சியத்தான் பாத்தாங்க. மூஞ்சி தானா கூட வீங்கும்னுட்டாங்க."

சனிக்கிழமை முழுதும் அவள் உள்ளறையில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. நூல்காரி தான் பின்னிக்கொண்டிருந்த சாம்பல் நிறப் போர்வையை ஊசியோடு அவள் மடியில் போட்டாள். முன்னே கற்றுக்கொடுத்ததுதான். சாயங்காலம் வந்து பார்த்தபோது ஒரு கையகலம் வளர்ந்திருந்தது. ஒவ்வொரு கண்ணியும் கழுத்தை நெரித்த மாதிரி இறுக்கம். நூல்காரியின் பின்னல் எப்போதும் தளர்வாக, மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். வேறொருவராக இருந்தால் அந்த இடத்தைப் பிரித்துவிட்டு மறுபடி போட்டிருப்பாள். அடுத்தவர் கை தன் பின்னலில் கலப்பதை அவள் பொறுத்ததே இல்லை. ஆனால் சின்னவள் கை நடுக்கம் நின்றிருந்தது. பிரிக்க மனசு வரவில்லை. ஞாயிறு காலை போர்வையைக் கூடத்து நாற்காலியில் போட்டுவிட்டு, பானையில் தண்ணீர் ஏற்றப் போனாள். அங்கேதான் தவறினாள்.

மதியம் ரொட்டிக் கடையை அடைத்துவிட்டுத் தம்பி வந்தான். புருஷன் காரை எடுத்துக்கொண்டு போயிருந்த நேரம். அதைத் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தானோ என்னவோ. கதவைத் தட்டும் விதமே தெரிந்தது: சிநேகமாக, விரல் மடக்கி. உள்ளறைக் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும்வரை அவள் பானையில் ஏதோ கைவேலையாக இருப்பதுபோல் குரல் கொடுத்துவிட்டு, பிறகு திறந்தாள்.

அக்குளில் காகிதம் சுற்றிய ரொட்டி. சூடு இன்னும் ஆறவில்லை. தலைமயிரில் மாவுப் பொடி, அதன்மேல் மழைத்துளி. அழகான ஆள். சிரித்தால் எதிரில் இருப்பவரும் சிரித்துவிடுவார்கள். மாவு பிசைந்து பிசைந்து முன்கை இரண்டும் உலக்கை போல இருந்தன.

"என்னக்கா, வீடு பூரா ஆட்டுக்குட்டி நாத்தம்."

"மூக்கைப் பொத்திக்க. யாரு வரச் சொன்னா?"

அவன் ரொட்டியைப் பிய்த்து அவளுக்கு நீட்டினான். வாங்கிக்கொண்டாள். அவன் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்றான், தூங்கவில்லை என்றான். பேருந்து நிலையத்தில் தேடினானாம், சின்னவளின் சிநேகிதி வீட்டில் தேடினானாம். தன் மேல் தப்புத்தான் என்று ஒப்புக்கொண்டான். கை நீட்டியிருக்கக் கூடாது. ஆனால் அவளும் வாய் கொடுத்தாள். அடுப்பு அணைந்து ஒரு தட்டு மாவு வீணானதற்கு யாராவது அப்படிச் சிரிப்பார்களா? பேசும்போதே கண் கலங்கியது. நூல்காரி அதைப் பார்க்காமல் இருக்க ரொட்டியைப் பார்த்தாள். அவன் அழும்போது அவளுக்கு இப்போதும் எட்டு வயதுப் பையன் முகம்தான் தெரியும்.

அவன் நாற்காலியில் உட்காருவதற்காகப் போர்வையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். பேசிக்கொண்டே அதன்மேல் விரலை ஓட்டினான். விரல் ஓரிடத்தில் நின்றது. முன்னும் பின்னும் தடவிப் பார்த்தது.

சின்ன வயதில் அவன் கை சும்மா இருந்ததே இல்லை. புறாவின் கழுத்தைத் திருகும், பக்கத்து வீட்டுப் பையனின் பல்லை உடைக்கும். அம்மா வேலைக்குப் போன பிறகு அவனை அடக்க அக்காவுக்குக் கிடைத்த ஒரே வழி நூல்தான். எதிரில் உட்கார வைத்து, இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, சிட்டத்தை அதில் மாட்டிவிட்டு, நுனியைப் பிடித்துப் பந்தாகச் சுற்றுவாள். "கையை இறக்காத. இறக்கினா சிக்கு விழும்" என்பாள். சிக்கு விழுவதற்கு அவன் அப்படிப் பயந்தான். மூக்கு அரித்தால்கூட அவளைத்தான் சொறிந்துவிடச் சொல்வான். சிட்டம் தீரும்வரை அந்தக் கைகள் யாரையும் அடிக்கவில்லை. அப்படி உட்கார்ந்து பார்த்தே அவள் பின்னல் அவனுக்கு அத்துப்படி. ஒரு கடை நிறையத் துணி தொங்கினாலும் அக்கா பின்னியதைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சொல்லிவிடுவான். சாயம்தான் அவனுக்குத் தெரியாது. அது அவள் கல்யாணத்துக்குப் பிறகு பிடித்த கிறுக்கு.

"இது உன் கை இல்லியே" என்றான்.

"எது?"

"இங்கேருந்து இதுவரைக்கும். இது வேற ஆளு."

"மனசு சரியில்லாம போட்டது. இறுகிப் போச்சு."

"உனக்கு மனசு சரியில்லாம எத்தனையோ தடவை போட்டிருக்க. அப்பா செத்தன்னிக்கு போட்டத நான்தான் இன்னமும் போட்டுக்கிட்டிருக்கேன்." அவன் போர்வையை மடித்து, மெதுவாக நாற்காலிக் கைமேல் வைத்தான். குரல் சிநேகமாகவே இருந்தது. "எங்கக்கா அவ?"

அவள் உள்ளறைப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கக் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது.

கதவு பலகைக் கதவு. முதல் உதையில் தாழ் பிய்ந்தது. சின்னவள் அலறவில்லை. நூல் மூட்டை ஒன்றைத் தூக்கி அவன் முகத்தில் எறிந்துவிட்டு, குனிந்து அவன் கைக்கு அடியில் புகுந்து ஓடினாள். கூடத்தில் தொங்கிய ஈரச் சிட்டங்கள் முகத்தில் அறைய, வழி தெரியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். அதற்கு அப்பால் ஜன்னல்தான்.

அவன் அவள் சடையைப் பிடித்தான். கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தான். அவள் பின்மண்டை மேசை விளிம்பில் மோதிய சத்தம் நூல்காரிக்குக் கூடத்தில் கேட்டது. அவள் ஓடி வந்து அவன் தோளைப் பிடித்தபோது அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழங்கையைப் பின்னால் விட்டான். வாயில் விழுந்தது. ஏதோ உடைந்து நாக்கின்மேல் கிடந்தது. துப்பினாள். பல்.

"டேய். விடுறா அவள."

சின்னவள் ஏதாவது பிடி கிடைக்குமா என்று துழாவி, சாயப் புட்டிகள் இருந்த அலமாரித் தட்டைப் பிடித்தாள். தட்டு சாய்ந்தது. கண்ணாடிப் புட்டிகள் வரிசையாக மேசைமேல் விழுந்து உடைந்தன. பெரிய புட்டியில் இருந்தது கருநீலம். ஆனால் உலர்ந்த பொடியாக இருக்கும்போது அது துருவைப் பொடித்த மாதிரிதான் இருக்கும்; தண்ணீர் பட்டால்தான் தன் நிறத்தைக் காட்டும். மேசையிலும் தரையிலும் அது கொட்டிப் பரவியது. அவன் கால் வழுக்க, விழாமல் இருக்க இரண்டு உள்ளங்கைகளையும் அதில் ஊன்றி நிமிர்ந்தான். அந்தக் கைகளாலேயே அவள் கழுத்தைப் பிடித்தான்.

நெரிப்பதற்குப் பெரிய வேகம் எதுவும் காட்டவில்லை. மாவு பிசைகிறவன் எடையைத் தோளிலிருந்து இறக்குவதுபோல் இறக்கினான். சுவரோடு அவளை ஒட்டி வைத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஏதோ கேட்பதற்கு நிற்பவன்போல் நின்றான். அவள் குதிகால்கள் தரையைத் தட்டின. முகம் சிவந்தது, பிறகு கறுத்தது. ஒரு செருப்பு கழன்று போனது. அது நூல்காரியின் செருப்பு, வியாழக்கிழமை கொடுத்தது.

நூல்காரி அடுப்பிலிருந்த பானையின் மூடியைத் தட்டிவிட்டாள். உள்ளே சிட்டம் சூட்டில் ஊறிக் கிடந்தது. இடுக்கியால் அள்ளினாள். தண்ணீர் குடித்த கம்பளி ஒரு கைக்குழந்தை கனம் கனக்கும். ஆவி பறக்க, சொட்டச் சொட்ட, அதைக் கொண்டுபோய் அவன் பிடரியில் போட்டு, இடுக்கியின் முதுகால் அழுத்திப் பிடித்தாள். கம்பளி சூட்டை விடாது. உதறினாலும் ஒட்டிக்கொள்ளும். அவன் ஊளையிட்டான். கைகளை விட்டுவிட்டுப் பிடரியைப் பிய்த்தான். அவள் விடவில்லை. அழுத்திக்கொண்டே அவனைச் சுவரைவிட்டுத் திருப்பி, முழங்கால் மடங்க வைத்தாள். அவன் விழுந்த பிறகும் ஒருமுறை அழுத்தினாள். அது தேவையில்லாதது. தேவையில்லை என்று தெரிந்தேதான் செய்தாள்.

சின்னவள் சுவரோடு வழிந்து தரைக்கு வந்தாள். மூச்சு உள்ளே போகும்போது கிணற்றுச் சகடை மாதிரிச் சத்தம் வந்தது. நூல்காரி அவளை அக்குளில் கைகொடுத்து இழுத்து, உள்ளறையில் கொண்டுபோய்ச் சாய்த்தாள். கதவுக்குத் தாழ் இல்லை. மூட்டைகளை முட்டுக்கொடுத்தாள். அப்போதுதான் கழுத்தைப் பார்த்தாள்.

வியர்வையில் பொடி நிறம் காட்டத் தொடங்கியிருந்தது. முன்பக்கம் இரண்டு கட்டை விரல்கள், ஒன்றின்மேல் ஒன்று. பக்கத்துக்கு நான்கு விரல்கள், காதுக்குக் கீழே வரை. அச்சு வைத்த மாதிரி, ரேகைகூடத் தெரியும்போல, கருநீலம்.

சின்னவள் தொண்டையைத் தொட்டு விரலைப் பார்த்தாள். தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினாள், கழுவ.

"கழுவாத" என்றாள் நூல்காரி. "துடைக்காத. தொடக்கூடத் தொடாத. குடிக்கிறதுக்கு மட்டும் தரேன்."

தன் கைப்பேசியில் அந்தக் கழுத்தைப் படம் எடுத்தாள். முதல் படம் கலங்கியிருந்ததால் இன்னொரு முறையும் எடுத்தாள். பிறகு புருஷனை அழைத்து, ஹாரன் அடிக்காமல் வாசலில் வந்து நிற்கச் சொன்னாள். என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டான். பல் போயிடுச்சு, வேலை பாக்குற இடத்துலயே கட்டிக்கலாம், சீக்கிரம் வாங்க என்றாள். கார் நின்றதும் சத்தமில்லாமல் இறங்கிப் போய்விடும்படி சின்னவளிடம் சொன்னாள்.

சமையலறையில் அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். பிடரி கொப்புளித்துப் பளபளத்தது. ஆத்திரம் வடிந்து போயிருந்தது. அது எப்போதும் அப்படித்தான், வந்ததுபோலவே போய்விடும், மிச்சத்தை மற்றவர்கள் கூட்டி அள்ள வேண்டும். அவன் அழுதுகொண்டிருந்தான்.

"கொல்லப் பாத்தியேக்கா என்ன."

"நீ?"

"நான் பயமுறுத்தத்தானே செஞ்சேன். எனக்கு அளவு தெரியாதா?"

எழுந்துபோய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவக் கை நீட்டினான். அங்கங்கே திட்டாக நீலம் ஏறியிருந்த கைகள் தண்ணீர் பட்டதும் முழுக்க நீலமாயின. அவன் திடுக்கிட்டு இன்னும் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க நிறம் ஊறி ஊறி வந்து தொட்டியில் ஓடியது. நகக்கண், ரேகை, மணிக்கட்டு மயிர் எல்லாம் நீலம். தொட்டியில் ஓடும் தண்ணீரைப் பார்த்தாள் அவள். இப்படியே விட்டால் சோப்பு போட்டு, பொறுமையாகக் குழாயடியில் நின்றால், முக்கால்வாசி போய்விடும். நாளைக்குள் ரொட்டிக்காரன் கை மறுபடி வெள்ளையாகிவிடும்.

"என்னாக்கா இது? போகுமா? காலையில மாவுல கை வைக்கணும். இந்தக் கையோட என்னன்னு போய் நிப்பேன்?" அவள் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் நீட்டினான். உள்ளங்கை மேலாக, விரல் விரித்து, அந்தக் காலத்தில் சிட்டம் மாட்டக் காட்டுகிற மாதிரியே. "உனக்குத்தான தெரியும். எப்படி எடுக்குறதுன்னு சொல்லுக்கா."

நூல்காரி வாயிலிருந்த ரத்தத்தை விழுங்கினாள். குழாயை மூடினாள்.

"பச்சத் தண்ணி ஊத்தாத. பரவும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு."

ஜன்னலைப் பார்த்து, கதவுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தாள். சிவப்பு நூல் கட்டிய அகலப் பாத்திரத்தை அவன் மடிக்கு முன்னால் வைத்தாள். கெட்டிலில் தண்ணீர் சுட வைத்து ஊற்றி, விரல் விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சூடு ஏற்றினாள். அலமாரியிலிருந்து வினிகர் புட்டியை எடுத்து, நூலுக்கு ஊற்றும் அளவைவிடத் தாராளமாகவே ஊற்றினாள். நெடி மூக்கில் ஏறியது.

"வினிகரா?"

"ஆமா."

"எரியுதேக்கா."

"எரியட்டும். மணிக்கட்டு முங்குற மாதிரி வை. நான் சொல்றவரைக்கும் வெளிய எடுக்கக் கூடாது. பாதியில எடுத்தா பாழாப் போயிடும்."

அவன் வைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, சொன்னபடி, இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். அவள் ஆறாமல் இருக்கக் கெட்டிலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். மழை ஜன்னலில் அடித்தது. அவன் மூக்கை உறிஞ்சினான். சின்னவளை வீட்டுக்குக் கூட்டிப்போய் இனி ராணி மாதிரி வைத்துக்கொள்வதாகச் சொன்னான். காது டாக்டரிடம் காட்டுவதாகச் சொன்னான். கடையை அவள் பேருக்கே மாற்றிவிடுகிறேன் என்றுகூடச் சொன்னான். அவள் உம் கொட்டினாள். அவன் மூக்கு நுனி அரித்திருக்க வேண்டும், தோளில் தேய்க்கப் பார்த்து, எட்டாமல், அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் கையை நீட்டிச் சொறிந்துவிட்டாள்.

கீழே கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. உள்ளறையில் மூட்டை நகர்ந்தது. கூடத்தில் ஈரச் சிட்டங்களை விலக்கிக்கொண்டு வெறுங்காலில் யாரோ மெல்ல நடந்தார்கள்.

"யாரது?" அவன் முதுகு நிமிர்ந்தது. "அவளா? எங்க போறா?"

எழப் போனான். நூல்காரி அவன் தோளில் கையை வைத்தாள். கொப்புளித்த பிடரிக்குக் கொஞ்சம் கீழே. அழுத்தவில்லை.

"கையை இறக்காத" என்றாள். "இறக்கினா சிக்கு விழும்."

ஏன் அந்த வார்த்தை வந்தது என்று அவளுக்கே தெரியாது. இறக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கைகள் தண்ணீரில் கிடந்தன. ஆனால் அவன் உட்கார்ந்துவிட்டான். எந்த வயதிலோ உடம்புக்குள் போன பயம் அவனைப் பிடித்து உட்கார வைத்தது. வாசற்கதவு திறந்து மூடியது. படியில் இறங்கும் காலடிகள். கார்க் கதவு. எஞ்சின் உறுமி, தெருமுனையில் திரும்பி, மழைச் சத்தத்துக்குள் போயிற்று. காவல் நிலையம் அந்தப் பக்கம்தான்.

அவள் கூடத்துக்குப் போய்ச் சாம்பல் போர்வையை எடுத்துக்கொண்டு வந்தாள். அவனுக்கு எதிரில், ஜன்னலுக்கும் அவனுக்கும் நடுவில், நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இடுக்கியை மடியில் வைத்து, அதன்மேல் போர்வையை விரித்தாள். சின்னவள் விட்ட இடத்தைப் பார்த்தாள். ஊசிமேல் கண்ணிகள் இறுகிக் கிடந்தன. பிரிக்கவில்லை. அங்கிருந்தே தொடர்ந்து பின்னினாள். முதல் வரிசையில் ஊசி நுழைய மறுத்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் பாத்திரத்துக்குள் குனிந்து பார்த்தான்.

"தண்ணி அப்படியே இருக்கேக்கா" என்றான். "அங்க குழாயில அப்படி ஓடுச்சு. இதுல ஒரு பொட்டுகூட இறங்கலியே."

"இறங்காது" என்றாள் அவள்.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு கைகளை மெதுவாக வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். மணிக்கட்டுவரை, உறை மாட்டியதுபோல், கருநீலம். விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவள் மடியிலிருந்த போர்வையின் ஓரத்தில் விழுந்தது. அது எந்த நிறமும் இல்லாமல் தெளிவாக இருந்தது.